எட்டாயிரம் டாலர் ஈயப்பொட்டு

ஹென்றியெட்டா டைக்ஸ்ட்ராவுக்கு கிதார் வாசிக்கத் தெரியாது. கேட்கவும் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் சத்தம் காதில் விழுந்தால் போதும், மற்றதெல்லாம் அவளுக்கு இரைச்சல். அப்படிப்பட்டவளின் சமையலறையைத் தேடிக்கொண்டு டெக்சாஸிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் எங்கள் ஊரான கலமசூவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் கொடுக்கும் தண்ணிக் காப்பியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, அவளுடைய கையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்பார்கள். அவளும் நீட்டுவாள். அறுபத்தெட்டு வயது விதவையின் கையில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கை செய்ததெல்லாம் ஒரே வேலைதான். 1960இல், பத்தொன்பது வயதில், எங்கள் ஊர் கிதார் தொழிற்சாலையில் அவள் வயர் மேஜையில் சேர்ந்தாள். நான்கு திருகு குமிழ், ஒரு சுவிட்ச், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் வயர், சந்திக்கும் இடங்களில் எல்லாம் ஈயம். காலை ஏழு முதல் மாலை மூன்றரை வரை பலகையில் அறைந்த ஆணிகளுக்கு நடுவே வயரைப் பூட்டி, சால்டரிங் அயர்னால் பற்றவைத்துப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். மணிக்கு ஒரு டாலர் அறுபத்தைந்து சென்ட். பதினோரு வருடம் செய்தாள். பிறகு தபால் அலுவலகத்தில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை கதை அதோடு முடிந்தது.

கிதார்க்காரர்களுக்கு அங்கேதான் கதை ஆரம்பம். அந்தக் காலத்தில் அந்தத் தொழிற்சாலை செய்த அரைக்கூடு கிதார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊர் ஆண்கள் சோறு தண்ணீர் மறந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் உள்ளே வெற்றிடம், நட்ட நடுவில் மட்டும் ஒரு மரக்கட்டை. மேலே வயலினுக்கு இருப்பதுபோல வளைந்த இரண்டு துளைகள். வெற்றிடம் இருப்பதால் குரலில் ஒரு கனிவு. கட்டை இருப்பதால் சத்தத்தைக் கூட்டினாலும் ஊளையிடாது. மின்சாரத்தில் செருகாமல் மடியில் வைத்துத் தடவினாலும் மெல்ல முனகும். மனைவி தூங்கும்போது வாசிக்கலாம் என்பது ஒரு பெரிய வசதி. அதை வாங்கிய விலை தெரிந்தால் அவள் தூங்கமாட்டாள் என்பதுதான் சிக்கல்.

அறுபதுகளில் முந்நூற்றுச் சொச்சத்துக்கு விற்ற பொருள் அது. இப்போது 2009இல், நல்ல நிலையில் இருந்தால் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். நல்ல நிலை என்றால் நீங்களும் நானும் நினைப்பதுபோல அல்ல. அழுக்கு இருக்கலாம், சிராய்ப்பு இருக்கலாம், சிகரெட் சுட்ட தழும்புகூட இருக்கலாம், அதெல்லாம் அழகு. ஆனால் யாரும் எதையும் சரிசெய்திருக்கக் கூடாது. ஒரு திருகாணியை மாற்றியிருந்தால் ஐந்நூறு டாலர் போச்சு. வண்ணம் பூசியிருந்தால் பாதி விலை போச்சு. உள்ளே ஈயத்தைத் தொட்டிருந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு வந்து பார்ப்பார்கள். உடைந்ததைச் சரிசெய்தால் விலை குறையும் பொருள் உலகத்தில் இது ஒன்றுதான் என்று ஹென்றியெட்டா சொல்வாள்.

வருடந்தோறும் ஜூன் மாதத்தில் பொருட்காட்சி மைதானத்துக் கூடத்தில் பழைய கிதார் சந்தை கூடும். அதில் ஹென்றியெட்டாவுக்கும் லியோனா பஸ்கர்க்குக்கும் விரிப்பு போட்ட ஒரு மேஜை உண்டு. லியோனா அதே வயர் மேஜையில், ஹென்றியெட்டாவுக்கு அடுத்த நாற்காலியில், அதே பதினோரு வருடம் உட்கார்ந்தவள். இன்றைக்கும் உயிர்த் தோழி. சந்தையன்று உதட்டுச்சாயம் பூசி, தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வருவாள். தொழிற்சாலைக்கு வந்த பாடகர்களில் யார் யார் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அது வருடத்துக்கு இரண்டு பேர் வீதம் நீண்டது. கூட்டம் முழுக்க அவள் பக்கம்தான். ஹென்றியெட்டாவிடம் கேட்டால் ஒரே பதில் வரும். "ஈயம் பளபளன்னு இருக்கணும். மங்கலா இருந்தா தப்பு."

"உங்க கையிலேருந்து தப்பா ஒண்ணுகூடப் போனதில்லையா?" என்று யாராவது கேட்பார்கள்.

"எங்க மேஜையிலேருந்தா? வாய்ப்பே இல்ல," என்று லியோனா முந்திக்கொள்வாள். ஹென்றியெட்டா ஆமாம் என்று தலையசைப்பாள்.

அந்தத் தலையசைப்புக்குள் ஒரு ரகசியம் இருந்தது. லியோனாவுக்கு ஈயம் வைக்க வராது. சேர்ந்த முதல் வாரமே ஹென்றியெட்டா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். லியோனா வயரைச் சூடாக்காமல் ஈயத்தை மட்டும் உருக்கி மேலே ஒழுகவிடுவாள். பார்த்தால் ஒட்டியிருக்கும், உண்மையில் ஒட்டியிருக்காது. ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் அதை டிரை சால்டர் என்பார்கள். மேஸ்திரி பார்த்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். அப்போது லியோனாவின் புருஷன் முதுகொடிந்து வீட்டில் படுத்திருந்தான், கைக்குழந்தை வேறு. அதனால் தினமும் மதிய இடைவேளையில் ஏதாவது சாக்குச் சொல்லி லியோனாவை வெளியே அனுப்பிவிட்டு, அவள் செய்ததையெல்லாம் ஹென்றியெட்டா இரகசியமாகத் திருப்பிச் செய்தாள். பதினோரு வருடம். ஒருவருக்கும் தெரியாது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. செய்த நல்லதை வெளியே சொல்லக்கூடாது என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் அவள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள்.

அந்த வருடம் சந்தைக்கு நான்கு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலையில், வெய்ன் ட்ராக்ஸ்லர் ஒரு கிதார் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான். வெய்ன் பழைய கிதார் வாங்கி விற்பவன். ஐம்பத்தாறு வயது. முதல் மனைவி ஒரு கிதாரால் போனாள், இரண்டாம் மனைவி ஒரு கிதாரோடு போனாள். இரண்டில் எதற்கு அதிகம் அழுதான் என்று ஊருக்கே தெரியும்.

"மிஸஸ் டைக்ஸ்ட்ரா, முதல்ல மோந்து பாருங்க," என்று பெட்டியைத் திறந்தான்.

இது அவர்கள் வழக்கம். ஒருவன் பழைய பெட்டியைத் திறந்தால் சுற்றியிருப்பவர்கள் எல்லாம் குனிந்து மூக்கை உள்ளே விடுவார்கள். நாற்பத்தெட்டு வருடத்துப் பிசின், பட்டுத்துணி, சிகரெட், நிலவறை ஈரம் எல்லாம் கலந்த அந்த நாற்றம் சரியாக இருந்தால்தான் உள்ளே இருப்பது அசல். ஹென்றியெட்டா மரியாதைக்கு மோந்தாள்.

"எலி செத்த வாசனை வருது," என்றாள்.

"அதேதான். பிரமாதமா இல்ல?" என்றான் வெய்ன்.

உள்ளே 1961ஆம் வருடத்துச் செர்ரிச் சிவப்பு அரைக்கூடு கிதார் இருந்தது. பேட்டில் கிரீக்கில் ஒரு பாட்டுக்காரனின் விதவை, கட்டிலுக்கடியில் வைத்திருந்தது. கிராண்ட் ராபிட்ஸிலிருந்து டாக்டர் கீஸ்லர் என்ற பல் வைத்தியர் இருபத்தெட்டாயிரம் டாலருக்குப் பேசிவைத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே ஈயத்தை யாரும் தொட்டதில்லை என்று, வைத்த கையே பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும்.

"கண்ணாடி விட்டுக் காட்டறேன், துளை வழியாப் பாருங்க. பாத்துட்டு ஒரு கையெழுத்து போடுங்க. அவ்வளவுதான்," என்றான்.

"வெளிய எடு. எட்டிப் பாத்துட்டுக் கையெழுத்து போடறதுக்கு நான் என்ன நகராட்சி இன்ஸ்பெக்டரா?"

வெய்ன் வேர்த்து விறுவிறுத்து எடுத்தான். ஒவ்வொரு குமிழின் தண்டிலும் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைக் கட்டி, மரையைக் கழற்றி, அந்த வளைந்த துளை வழியாக மொத்த வயரையும் மீன்குடல் மாதிரி மெதுவாக வெளியே இழுத்துச் சமையலறை மேஜைத் துண்டின் மேல் பரப்பினான். நூலை அப்படியே விட்டுவைத்தால்தான் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று புகைப்படம் எடுத்தான். வயர்கூட அசையவில்லை, இவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. பல் வைத்தியர். சமையலறையில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டதால், வெய்ன் வாசல் பக்கம் போனான்.

ஹென்றியெட்டா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முதல் குமிழ் பளபளப்பாக இருந்தது. தன்னுடையது. இரண்டாவது, தன்னுடையது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதின் முதுகில் ஈயம் மங்கலாக, ஆறிப்போன கஞ்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. வயரை நகத்தால் தொட்டாள். ஆடியது. உற்றுப் பார்த்தாள். வயர் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த மேஜையில் இடது கைக்காரி லியோனா ஒருத்திதான். ஏதோ ஒரு மதியம் இந்த ஒன்று மட்டும் தன் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை ஹென்றியெட்டா திட்டமிட்டுச் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்ச் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு மேஜை விளக்கு என்று எதையாவது பற்றவைத்துக்கொண்டே இருப்பவள் ஆதலால், அயர்ன் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் ஒரு விளக்கை முடித்திருந்தாள், பிளக்கைப் பிடுங்கவில்லை, சூடு இருந்தது. லியோனாவின் மங்கல் ஈயத்தைப் பார்த்ததும் அவள் கை அவளைக் கேட்காமல் போய்விட்டது. நான்கு நொடி. வயர் சூடானது, ஈயம் ஓடியது, கண்ணாடிபோல் மின்னியது. ஊதினாள். திருப்தியாக இருந்தது.

வெய்ன் வாசற்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டான். எலி செத்த வாசனைக்கும் ஈயம் உருகும்போது வரும் குங்கிலியப் புகைக்கும் வித்தியாசம் தெரிந்த மூக்கு அது.

"மிஸஸ் டைக்ஸ்ட்ரா, ஏதோ வாசனை வருதே."

"ஒண்ணு லூசா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். சும்மாதான், காசெல்லாம் வேண்டாம்," என்றாள்.

அவன் நாற்காலியைத் தேடினான், கிடைக்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹென்றியெட்டா பதறிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பாதி டம்ளர் குடித்துவிட்டுச் சொன்னான்.

"நாற்பத்தெட்டு வருஷமா ஒருத்தரும் தொடாதது. நாலு நொடியில எட்டாயிரம் டாலர் போச்சு."

"எட்டாயிரமா? அந்தக் குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வந்திருக்குமே."

"வரும்தான். ஆனா அசல் கரகர."

"வெய்ன், அது தப்பு. தப்பைத் திருத்தறது தப்பா?"

"தப்புதான் அதுல முக்கியம்," என்றான். கண்ணில் நீர் நின்றது. ஹென்றியெட்டாவுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. தன் மேஜையிலிருந்து போன ஒரு கெட்ட வேலையை அரை நூற்றாண்டு பொத்திப் பொத்திப் பாதுகாத்து, அதற்கு எட்டாயிரம் விலையும் வைத்திருக்கிறார்களே என்ற கோபம்.

வெய்ன் வியாபாரி. தரையில் உட்கார்ந்தபடியே அவன் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மெதுவாக எழுந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க. இந்தக் கெட்ட ஈயம் 61இல யார் வெச்சது? நீங்க வெச்சதுன்னா பிரச்சினையே இல்ல. வெச்ச கையே திரும்பவும் தொட்டிருக்கு. வேற கை படல. அதை அப்படியே எழுதிக் குடுத்தா டாக்டர் ஒத்துக்குவார். சொல்லப்போனா அவருக்குச் சந்தோஷமாவே இருக்கும். நீங்க வெச்சதுதானே?"

ஹென்றியெட்டா அயர்னின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"சனிக்கிழமை சொல்றேன்," என்றாள்.

அந்த நான்கு நாளும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தன்னுடையது என்று எழுதினால் பொய். பொய்யோடு போகாது, பதினோரு வருடத்தில் ஒன்றுகூடத் தப்பாகப் போகவிடாத தன் பெயரும் போகும். லியோனாவுடையது என்று எழுதினால் உண்மை. ஆனால் அந்தச் சந்தையில் விரிப்பு போட்ட மேஜையில் சுருட்டிய முடியோடு உட்கார்ந்து கதை சொல்வதுதான் லியோனாவுக்கு வருடம் முழுக்க இருக்கும் ஒரே சந்தோஷம். புருஷன் போய்விட்டான், மகன் ஃப்ளோரிடாவில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும். ஒன்று வெளியே வந்தால் எல்லாமே வெளியே வரும். உனக்கு வேலையே தெரியாது, உன் வேலையை எல்லாம் நான்தான் செய்தேன் என்று அந்த வயதில் ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை இருவரும் வழக்கம்போலச் சாப்பாட்டுக் கடையில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை சாப்பிட்டார்கள். ஹென்றியெட்டா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"லியோனா, அந்தக் காலத்துல நம்ம மேஜையிலேருந்து ஒண்ணு ரெண்டு தப்பாப் போயிருக்குமோ?"

லியோனா முள்கரண்டியை வாயிலிருந்து எடுக்காமலேயே யோசித்தாள்.

"உன்னோடது வேணா போயிருக்கலாம். நீ எப்பவும் அவசரக்காரி," என்றாள்.

ஹென்றியெட்டா தன் தட்டைத் தள்ளிவைத்தாள். அதோடு பேச்சை மாற்றி, லியோனா சனிக்கிழமைக்கு வாங்கியிருந்த நீலச் சட்டையைப் பற்றி அரை மணிநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவசரக்காரியாம். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது இரண்டு முறை சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். இருந்தாலும் அன்றைக்குத்தான் முடிவுக்கு வந்தாள். கடவுளிடம் தானே பதில் சொல்லிக்கொள்ளலாம். லியோனா அந்த மேஜையில் சிரித்துக்கொண்டு உட்காரட்டும்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு இருநூறு பேர் தனித்தனியாக ஒரே பாட்டை வெவ்வேறு தாளத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெய்ன் தட்டச்சு செய்த காகிதம் ஒன்றை நீட்டினான். ஹென்றியெட்டா அதைத் தள்ளிவிட்டு, தன் கையாலேயே எழுதினாள்: "இந்தக் கிதாரின் வயர் வேலை என்னுடையது. 1961இல் ஒரு இடத்தில் ஈயம் சரியாக வைக்கவில்லை. அந்தத் தவறும் என்னுடையது. இந்த வாரம் நானே அதைச் சரிசெய்தேன். ஹென்றியெட்டா டைக்ஸ்ட்ரா." எழுதி முடித்துப் பேனாவை மூடினாள்.

டாக்டர் கீஸ்லர் அதை இரண்டு முறை படித்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். ஒரு கெட்ட பல்லைக் கண்டால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

"உங்க வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தப்பு. அது என் கிதார்ல. நம்பவே முடியல," என்றார்.

வெய்ன் ஓரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹென்றியெட்டா எங்கேயோ பார்த்தாள்.

அப்போதுதான் லியோனா நீலச் சட்டையில் வந்து சேர்ந்தாள். மேஜையில் என்ன காகிதம் கிடந்தாலும் எடுத்துப் படிப்பது அவள் பழக்கம். எடுத்தாள். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"எந்தக் கிதார் இது?"

"அதான், ஒண்ணுமில்ல, வை," என்று ஹென்றியெட்டா கையை நீட்டினாள்.

"வெய்ன், வயரைப் படம் எடுத்திருப்பியே. காட்டு."

எடுக்காமல் இருப்பானா? முப்பத்திரண்டு படங்கள் அச்சுப் போட்டு வைத்திருந்தான். லியோனா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒன்பதாவது படத்தில் நின்றாள்.

"இது எவ்வளவுக்குப் போகுது?"

"இருபத்தெட்டாயிரம்."

லியோனா படத்தை மேஜையில் வைத்தாள். திரும்பி ஹென்றியெட்டாவை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு இப்படிக் கோபம் வந்து ஹென்றியெட்டா பார்த்ததே இல்லை.

"இது என்னோடது. இடப்பக்கம் சுத்தியிருக்கு, கண்ணு தெரியலயா உனக்கு? இருபத்தெட்டாயிரம் டாலர் கிதார்ல என் வேலை ஒண்ணு அப்படியே இருக்கு. அதுக்கு நீ உன் பேரை எழுதிக்கறியா?"

"லியோனா, மெதுவாப் பேசு. அது டிரை சால்டர்டி. பெருமைப்பட ஒண்ணுமில்ல."

"டிரை சால்டர்தான். என்னோட டிரை சால்டர்."

சுற்றியிருந்தவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். வெய்ன் மறுபடியும் நாற்காலியைத் தேடினான். வைத்தது ஒரு கை, திருத்தியது இன்னொரு கை என்றாகிவிட்டது. எட்டாயிரம் திரும்பவும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பல் வைத்தியர் யாரிடமும் பேசாமல் கிதாரை எடுத்தார். ஒரு வாரமாக அதைப் பார்த்திருக்கிறார், மோந்திருக்கிறார், எடை போட்டிருக்கிறார்; செருகி வாசித்ததில்லை. பக்கத்து மேஜைக்காரனின் சின்ன ஒலிபெருக்கியில் செருகி, நான்காவது குமிழைத் திருகிக்கொண்டே ஒரு நரம்பை மெல்ல இழுத்தார். கரகரப்பு இல்லை. தேன் ஒழுகுவதுபோல் ஒரு குரல் எழுந்து கூடத்துக்குள் நின்றது. ஹென்றியெட்டாவுக்கே அது பரவாயில்லை என்று தோன்றியது. ஆர்கன் அளவுக்கு இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார்.

"இருபத்துநாலு. ஆனா காகிதத்துல ரெண்டு பேரும் உள்ளதை உள்ளபடி எழுதணும்," என்றார்.

வெய்ன் இருபத்தாறு என்றான், தாயின் மேல் ஆணையிட்டான், கடைசியில் இருபத்தைந்துக்குக் கையைக் குலுக்கினான். லியோனா புதுக் காகிதம் ஒன்றை இழுத்து, "கெட்டது நான் வைத்தது" என்று எழுதி, காகிதத்தில் பாதி அகலத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஹென்றியெட்டா, "சரிசெய்தது நான்" என்று சின்னதாக எழுதினாள். ஒரு மணிநேரத்தில் செய்தி கூடம் முழுக்கப் பரவி, தங்கள் கிதாரிலும் லியோனாவின் கெட்ட ஈயம் இருக்குமா என்று கேட்டு வரிசை நின்றது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே லியோனா அட்டை அட்டையாகக் கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் அவள் அத்தனை அழகாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வரிசை கொஞ்சம் ஓய்ந்தபோது ஹென்றியெட்டா கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எது?"

"உன்னோடது தப்பா இருக்கும்னு. நான் அதையெல்லாம்..."

"மதியம் திருப்பிச் செய்வியே, அதுவா? முதல் வாரமே தெரியும்," என்றாள் லியோனா, அட்டையிலிருந்து தலையை எடுக்காமல். "ஏதாவது சாக்கு சொல்லி என்னைக் காப்பி வாங்க அனுப்புவே. போய்ட்டு சீக்கிரமா வந்து பாத்தா நீ குனிஞ்சு என் பலகையில பத்தவெச்சுட்டிருக்கே. அவ்வளவு ஆசையா. சரி, இவளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்குபோலன்னு விட்டுட்டேன்."

"ஆசையா? உன் வேலை போயிடக் கூடாதேன்னு நான் பதினோரு வருஷம் மதியம் ஒழுங்கா சாப்பிட்டதில்லடி."

"நான் மட்டும்? நீ முடிக்கற வரைக்கும் வராண்டாவுல ரெண்டு காப்பியைக் கையில வெச்சிக்கிட்டு நிப்பேன். நடுவுல வந்துட்டா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு. எட்டி எட்டிப் பாத்து, நீ அயர்னைக் கீழ வெச்சப்பறம்தான் உள்ள வருவேன். பதினோரு வருஷம் ஆறின காப்பிதான் குடிச்சேன்."

"நீயாவது ஒழுங்காச் செய்யக் கத்துட்டிருக்கலாமே."

"எதுக்கு? எப்படியும் நீ திருப்பிச் செய்யத்தானே போறே."

ஹென்றியெட்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அத்தனையும் வீண். தான் மறைத்ததாக நினைத்ததை இவள் மறைத்துக்கொண்டு வராண்டாவில் நின்றிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அவமானத்துக்கு நடுவே, தன்னை இவ்வளவு நாள் ஒருத்தி இப்படிக் கவனித்துக்கொண்டிருந்தாளே என்றும் தோன்றியது. சிரிப்பும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

அப்போதுதான், அடுத்து வருபவர்களுக்காக லியோனா முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் காயவைத்திருந்த அட்டைகள் கண்ணில் பட்டன. ஒரு முப்பது இருக்கும். எல்லாவற்றிலும் பெயருக்குக் கீழே தேதி. ஜூன் 13, 2008. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் போன வருடம்.

ஹென்றியெட்டா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள். எதிர் மேஜையில் ஒருவன் பெட்டியைத் திறக்க, நான்கு பேர் மூக்கை உள்ளே விடுவதைப் பார்த்தாள். அவள் வலது கை மட்டும் விரிப்பின் மேல் ஊர்ந்து பேனா இருக்கும் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

லியோனா அந்தக் கையைப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, நீலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் போய் ரெண்டு காப்பி வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், மெதுவாக நடந்து போனாள்.